வில்லுக்கு ஒரு பிடிமானம்

மூங்கில் வில்லை முதன்முதலாகக் கையில் வாங்குகிறவர்கள் நாணைத்தான் பார்ப்பார்கள். விரலால் சுண்டுவார்கள், நெஞ்சுவரை இழுத்துப் பார்ப்பார்கள், “என்னா வெறப்பு!” என்று திருப்பிக் கொடுப்பார்கள். அம்பை விடுவது வலது கை. அதனால் வித்தை முழுதும் அந்தக் கையில்தான் இருக்கிறது என்று ஓர் எண்ணம். உத்தமபாளையத்தில் வில் பழகிய எங்களைப் பாடாய்ப் படுத்தியது இடது கை. வில்லின் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிடி இருக்கிறதே, அது வழுக்கியது. அதைச் சரிசெய்ய ஊரில் யார் யாரிடம் போனோம், எதையெல்லாம் சுற்றினோம், எதைச் செதுக்கினோம் என்பதெல்லாம் இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு மறக்கவில்லை. இப்போதும் மூங்கில் வில்லோடு மைதானத்துக்கு வரும் பிள்ளைகள் அதே வழுக்கலோடுதான் வருகிறார்கள். அதனால்தான் எழுதிவைக்கிறேன்.

எங்கள் தேனி, மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1996-ல். அதை ஒட்டிய வருஷங்களில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டு என்றால் கபடி, வாலிபால், கொஞ்சம் சிலம்பம். எங்கள் விளையாட்டு வாத்தியார் வடக்கே ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு, இரண்டு மூங்கில் வில்லையும் ஒரு கட்டு அம்பையும் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். இந்திய வில்வித்தைச் சங்கம் 1973-ல் தொடங்கியது என்பதும், அதன் போட்டிகளில் ‘இந்தியன் ரவுண்ட்’ என்று மூங்கில் வில்லுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். குறிபார்க்கும் கருவி கிடையாது, ஆட்டத்தை அடக்கும் கம்பிகள் கிடையாது. 30 மீட்டர், 50 மீட்டர் தூரத்தில் வில்லும் அம்பும் கண்ணும் மட்டும். ஒலிம்பிக்கில் பிடிக்கும் ரிகர்வ் வில்லின் விலையைக் கேட்டால் எங்கள் வீடுகளில் தலை சுற்றும். மூங்கில் வில் எட்டுகிற விலையில் இருந்தது. 1988, 1992, 1996 என்று மூன்று ஒலிம்பிக்குக்குப் போன லிம்பா ராம் ராஜஸ்தானில் ஆதிவாசிக் குடும்பத்தில் பிறந்து மூங்கில் வில்லில் கை பழகியவர். பின்னாளில் ஜார்க்கண்டின் தீபிகா குமாரியும் மூங்கில் வில்லில் தொடங்கி, 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கினார். அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு எங்கள் கூட்டாளிகளை எல்லாம் கூப்பிட்டுப் பேசினேன்.

வில் எங்களுக்கு வெளியூர்ச் சாமானாகத் தோன்றாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மேற்கே வண்ணாத்திப்பாறை மலைமேல் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. சித்திரைப் பௌர்ணமி ஒருநாள்தான் ஜனங்கள் ஏறிப் போவார்கள். நாங்கள் பளியன்குடி வழியாக நடந்தே ஏறுவோம். சேரன் செங்குட்டுவன் எடுத்த கோயில் என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். “சேரனுக்குக் கொடி என்னடா?” என்று வாத்தியார் கேட்டார். வில் என்று பாடப் புத்தகத்தில் படித்திருந்தோம். அந்த மலையைப் பார்த்துக்கொண்டே வில் பிடிப்பது எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

மைதானம் என்று பெயர்தான். முல்லையாற்றுக்கு அந்தப்பக்கம், அறுவடை முடிந்து கிடந்த ஒரு தரிசு. மண்ணைக் குவித்து, வைக்கோல் பிரிகளை அடுக்கி இலக்கு செய்திருந்தோம். ஆனி, ஆடி மாதங்களில் குமுளி மலையில் மழை கொட்டும்போது எங்களுக்கு மழை வராது. காற்றும் சாரலும் மட்டும் கீழே இறங்கும். கண்டமனூர்ப் பக்கம் காற்றாலை நட்டுவைத்திருப்பது இந்தக் காற்றை நம்பித்தான். காற்றில் அம்பு ஒதுங்குவதை எதிர்பார்த்திருந்தோம். கையில் வில் ஒதுங்கியதுதான் புரியவில்லை. சாரல் பட்ட பிடி சோப்புக்கட்டியாக நழுவியது. பங்குனி, சித்திரை வெயிலில் சாரலுக்குப் பதில் வியர்வை. எனக்கு வேறு இயல்பிலேயே உள்ளங்கை ஈரம் கசியும்.

அந்த வில்லின் பிடியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இருபக்கமும் வளையும் கைகள் மூங்கில் பட்டை, நடுவில் மரக்கட்டை. கட்டையை உருட்டிக் கடைந்து, வில் முழுதுக்கும் பூசிய அதே வார்னிஷை அதன்மேலும் இரண்டு மூன்று கை பூசியிருந்தார்கள். புது வில்லில் முகம் தெரியும். பார்ப்பதற்கு அழகு, விற்பதற்கு அழகு. ஆனால் உருண்டை என்பதால், உள்ளங்கையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றுபோலவே இருக்கும்; இதுதான் சரியான இடம் என்று கைக்குச் சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. மேலேயும் கீழேயும் அப்படித்தான். இன்றைக்கு ஒரு விரற்கடை கீழே பிடித்தால் நேற்றுப் போன உயரத்தில் அம்பு போகாது. எங்கள் வில்லில் அம்பு உட்காருவதே கைமேல்தான். கை இறங்கினால் அம்பும் சேர்ந்து இறங்கும்.

வழுக்குகிற சாமானை மனிதன் என்ன செய்வான்? இறுக்கிப் பிடிப்பான். நாங்களும் பிடித்தோம். இறுக்க இறுக்க அம்பு இடப்பக்கமாகப் போய் மண்மேட்டில் செருகியது. முழங்கை நடுங்கியது. வாத்தியார் கொஞ்சநாள் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு வில்லை முழுதாக இழுத்து நிற்கச் சொன்னார். இழுத்தேன்.

“இப்ப இடது கை விரலையெல்லாம் விரி.”

“வில்லு விழுந்துரும் சார்.”

“விழாதுடா. விரி.”

சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாக விரித்தேன். கடைசியில் ஐந்து விரலும் காற்றில் நின்றன. வில் அசையவில்லை. இழுத்த நாண் வில்லை என்னை நோக்கித் தள்ளுகிறது. அந்த அழுத்தம் முழுவதும் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருக்கும் கவட்டையிலும், அதன் கீழே பெருவிரல் அடிச்சதையிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது. எங்கள் வில்லின் விறைப்பு 30 பவுண்டு, கிலோவில் 13.6. வில்லின் எடையோ ஒரு கிலோகூட வராது. பதிமூன்றரைக் கிலோ அழுத்திப் பிடித்திருக்கும்போது ஒரு கிலோ எப்படி விழும்? ஆயுள் ரேகைக்கு இந்தப் பக்கம், அதாவது பெருவிரல் பக்கத்தில் மட்டும் வில் படவேண்டும் என்று வாத்தியார் என் உள்ளங்கையில் பேனாவால் கோடு போட்டுக் காட்டினார். ரேகையைத் தாண்டி உள்ளே வந்தால் விரல்கள் தானாகவே மடங்கி வில்லைத் திருகிவிடும்.

“அப்ப விட்டதுக்கு அப்புறம்?” என்று கேட்டேன். அதுதான் எல்லாருக்கும் பயம். நாணை விட்டதும் அழுத்தம் போய்விடுகிறது, வில் முன்னால் துள்ளுகிறது. அந்த நேரம் பார்த்துப் பிடிக்காவிட்டால் கீழே விழும். வாத்தியார் சொன்ன பதிலை நான் இன்றைக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். நாணைவிட்டு அம்பு போவதற்கு ஆகும் நேரம் கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. அம்பு போனபிறகு நீ வில்லைப் பிடித்தாலும் ஒன்றுமில்லை, போட்டாலும் அம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் ‘பிடிக்கப் போகிறேன்’ என்று நினைத்திருக்கும் கை, விடுவதற்கு முன்னாலேயே இறுகிவிடுகிறது. அம்பைக் கெடுப்பது அந்த இறுக்கம். பிடி வழுக்கும் என்று கைக்குத் தெரிந்துவிட்டால் எத்தனை சொன்னாலும் அது இறுகாமல் இருக்காது. பயத்தை அடக்கு என்று கையிடம் சொல்லிப் பயனில்லை. பயப்பட வேண்டாத பிடியைக் கொடுக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் பிடியை மாற்றும் வேலை தொடங்கியது.

எங்களோடு பழகிய ஓர் அக்கா காமயகவுண்டன்பட்டியிலிருந்து சைக்கிளில் வருவார். திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வேலைக்குப் போகிறவர். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை என்று இன்றைக்குப் பெருமையாகச் சொல்கிறோமே, அந்தப் பந்தலுக்குக் கீழே அண்ணாந்தபடியே நின்று நாள் முழுதும் கொடி வெட்டுகிற கை. கவாத்துக் கத்தரியின் பிடி வழுக்காமலிருக்க சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்துச் சுற்றுவது அங்கே வழக்கம். அக்கா ஒரு பழைய டியூபைக் கொண்டுவந்து வில்லுக்கும் சுற்றினார். காய்ந்த கைக்கு நன்றாகத்தான் இருந்தது. வியர்வை பட்டதும் ரப்பருக்கும் தோலுக்கும் நடுவில் ஈரம் படலமாக நின்றுவிட்டது. ரப்பர் ஈரத்தைக் குடிக்காது, வெளியேயும் விடாது. அழுத்தம் ஏறும்போது டியூப் நசுங்கி ஒரு பக்கமாக நகர்ந்தது. எல்லாவற்றையும்விட, சுற்றியதில் பிடி தடித்துப் போனது. அக்காவுக்குச் சின்னக் கை. முன்பே எட்டாத விரல் இப்போது இன்னும் எட்டவில்லை. எட்டாத விரல் இன்னும் அதிகமாகக் கவ்வப் பார்த்தது.

வாலிபால் பையன்கள் மருந்துக்கடைப் பிளாஸ்திரியை ஒட்டினார்கள். ஒரு வெயிலுக்குத் தாங்கியது. மறுநாள் பசை வழிந்து மண் ஒட்டியது. இன்னொருவன் வேப்பம் பிசினைக் கரைத்துத் தடவினான். காய்ந்து சொரசொரப்பாக நின்ற பிசின், வியர்வை பட்டதும் மறுபடி கரைந்து கொழகொழத்தது. வேப்பம் பிசின் தண்ணீரில் கரைகிற சாதி, ஈரக் கைக்கு அது எப்படி உதவும்? குங்கிலியப் பொடியைத் தூவிப் பார்க்கலாம் என்று ஒரு பேச்சு வந்தது. வாத்தியார் வேண்டாம் என்றார். நாணைவிட்டதும் வில் கையிலிருந்து துள்ள வேண்டும். ஒட்டிக்கொண்டால் கைத்தோலையும் சேர்த்து இழுத்துத் திரும்பும் என்றார். வழுக்கவும் கூடாது, ஒட்டவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பிடி வேண்டும் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெளிவானது.

அந்தப் பிடியைத் தெரிந்தவர் கடைவீதிக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த ஆசாரித் தாத்தா. மம்பட்டிக் கணை, அரிவாள் பிடி, கோடாலிக் காம்பு இவைதான் அவர் வேலை. ஊரில் பாதிப்பேர் கை அளவு அவருக்குத் தெரியும். வில்லை வாங்கி, பெருவிரலால் பிடியை ஒருதரம் தடவினார்.

“ஏப்பா, கையில பிடிக்கிற எடத்துல எதுக்கு வார்னிசு? மம்பட்டிக் கணைக்கு யாராச்சும் வார்னிசு அடிப்பாங்களா?”

யாரும் அடிப்பதில்லைதான். மம்பட்டி பிடிக்கிறவர்கள் வேலை தொடங்குமுன் உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொள்வதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். எச்சில் இல்லாவிட்டால் குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து உரசிக்கொள்வார்கள். எதிரெதிர் வைத்தியம்போலத் தெரியும், இரண்டும் சரிதான். காய்ந்து வறண்ட தோலுக்கு மரத்தில் பிடிப்புக் குறைவு. லேசான ஈரம் தோலை இளக்கி மரத்தோடு பொருந்தச் செய்கிறது. ஈரம் மிஞ்சினால் அதுவே வழுக்கும். அப்போது மண் அதைக் குடித்துக்கொள்கிறது. வெறும் மரத்தில் நுண்ணிய துளைகளும் வரிகளும் இருப்பதால் மிஞ்சிய ஈரம் ஒதுங்க இடமிருக்கிறது. வார்னிஷ் அந்தத் துளைகளை எல்லாம் அடைத்துவிடுகிறது. தாத்தா இப்படி விளக்கவில்லை. “மரத்தோட கண்ணு தெறக்கட்டும்” என்று மட்டும் சொன்னார்.

உடைந்த கண்ணாடிச் சில்லு ஒன்றை எடுத்தார். அதன் விளிம்பால் பிடியைச் சுரண்டச் சுரண்ட வார்னிஷ் சுருள் சுருளாக வந்தது. அரம் போட்டால் வரி விழும், உளி போட்டால் ஆழமாக இறங்கிவிடும். சுரண்டுவதற்குக் கண்ணாடிதான் என்றார். பிறகு செய்ததை நான் மறக்கமாட்டேன். அடுப்புக் கரியை எடுத்து இடித்துப் பொடியாக்கி, அக்காவைக் கூப்பிட்டார். “ஆத்தா, கையை நீட்டு” என்று அவர் உள்ளங்கை முழுதும் கரியைப் பூசினார். “நீ எப்பிடிப் பிடிப்பியோ அப்பிடிப் பிடிச்சு, இழு. இழுத்துட்டுப் பைய விடு. அம்பு வேணாம்.” அக்கா இழுத்து, மெல்லத் தளர்த்திக் கையை எடுத்தார். சுரண்டிய வெள்ளை மரத்தில் கரிய தடம். பெருவிரல் அடிச்சதை பட்ட இடத்தில் ஒரு திட்டு; சுண்டுவிரல் பக்கம் உள்ளங்கைக் குதி பட்ட இடத்தில் அதைவிடப் பெரிய திட்டு; நடுவில் ஒன்றுமில்லை. ஆயுள் ரேகையைத் தாண்டக் கூடாது என்று வாத்தியார் வாயால் சொன்னது அங்கே மரத்தில் தெரிந்தது. வேண்டாத இடத்தில் கை பட்டுக்கொண்டிருந்தது. அந்த வேண்டாத திட்டைத் தாத்தா அரத்தால் குறைத்தார். மறுபடி கரி, மறுபடி பிடி, மறுபடி அரம். உருண்டையாக இருந்த பிடி ஒருபக்கம் சரிந்து, முட்டை வடிவத்துக்கு வந்தது. கவட்டை உட்காரும் இடத்தில் மட்டும் ஒரு சின்னப் பள்ளம். கண்ணை மூடிக்கொண்டு பிடித்தாலும் கை அந்தப் பள்ளத்தில் போய்தான் நிற்கும். கடைசித் தடத்தில் பெருவிரல் பக்கத்துத் திட்டு மட்டும் இருந்தது.

ஒன்றில் அவர் பிடிவாதமாக இருந்தார். பிடியின் மரத்தைத் தவிர, அதிலிருந்து தொடங்கும் மூங்கிலில் அரத்தை வைக்கவே இல்லை. “மூங்கில்ல தோலு போச்சுன்னா வில்லு போச்சு” என்றார். மூங்கிலின் பலம் அதன் வெளித்தோலை ஒட்டிய நாரில்தான் நெருக்கமாக இருக்கிறது. உள்ளே போகப் போக நார் குறைந்து சோறாகிவிடும். வில் வளையும்போது அந்த வெளிநார்தான் இழுபடுகிறது. அங்கே ஒரு கீறல் விழுந்தால் என்றைக்காவது இழுத்த நிலையில் முகத்துக்கு நேராக முறியும். பிடியைச் சரிசெய்கிறேன் என்று உப்புத்தாளை மேலும் கீழும் ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்கும்.

முடிவில் உப்புத்தாள் போட்டு, ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு ஒரே ஒரு கை துடைத்துவிட்டார். நல்லெண்ணெய் போடலாமா என்று கேட்டதற்கு, அது சீக்கிரத்தில் காயாது, பிசுபிசுத்துக்கொண்டே கிடக்கும் என்றார். ஆளி எண்ணெய் காற்றுப்பட்டு இறுகும். சாரல் தண்ணீரை மரம் குடிக்காது, சொரசொரப்பும் போகாது. அந்த வில் அதன்பிறகு சின்னக் கைக்காரர்களின் வில்லானது. அக்காவின் அம்புகள் இடப்பக்கம் போவது நின்று, வைக்கோலில் ஒரே இடத்தில் கூடத் தொடங்கின. பிடிமானத்துக்கு நாங்கள் எல்லாரும் எதையாவது சேர்த்துக்கொண்டே இருந்தோம். தாத்தா எடுத்துவிட்டார்.

இரண்டாவது வில் பெரிய கைக்காரர்களுக்கு. அதையும் சுரண்டிப் பள்ளம் எடுத்தாயிற்று. ஆனால் என் ஈரக்கைக்கு வெறும் மரம் போதவில்லை. தாத்தா தன் இளவயதில் உடும்புத் தோலை ஈரத்தோடு பிடிகளுக்குப் போர்த்துவதைப் பார்த்திருக்கிறாராம். கஞ்சிராவுக்கும் அந்தத் தோல்தான் போட்டார்கள். 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு உடும்பைத் தொடக்கூடாது, தொடவும் வேண்டாம். நாங்கள் ஆட்டுத்தோலுக்குப் போனோம்.

பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் செருப்புத் தைக்கும் அண்ணனிடம் திண்டுக்கல்லில் பதனிட்ட மெல்லிய ஆட்டுத்தோல் துண்டு இருந்தது. அதன் வழவழப்பான பக்கத்தை உள்ளே வைத்து, சொரசொரப்பான சதைப்பக்கத்தை வெளியே வைத்தார். எனக்கு அது தலைகீழாகத் தெரிந்தது. “தம்பி, பளபளன்னு இருக்கிறது பாக்கிறதுக்கு. இது பிடிக்கிறதுக்கு” என்றார். தோலைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிழிந்து, பிடியைச் சுற்றி அளந்தார். இரண்டு ஓரமும் ஒன்றையொன்று தொடாமல் ஒரு நூல் இடைவெளி இருக்கும்படி வெட்டினார். பொருந்துகிற அளவுக்கே வெட்டினால் காய்ந்தபிறகு தொளதொளக்கும். ஒரு நூல் குறைத்துவிட்டு இழுத்துத் தைத்தால், காயும்போது சுருங்கிக் கவ்விக்கொள்ளும். தோலுக்கு அடியில் கவட்டைப் பள்ளத்தின் மேல்விளிம்பில் மெல்லிய பருத்திக் கயிற்றை ஒரு வளையமாகக் கட்டச் சொன்னேன். கை மேலே ஏறாமல் அது தடுக்கும். மெழுகு தடவிய நூலை இரண்டு ஊசியில் கோத்து, குறுக்கும் நெடுக்குமாகத் தைத்துக்கொண்டே வந்தார். தையல் உள்ளங்கையில் உறுத்தாதபடி இலக்கைப் பார்க்கும் பக்கத்தில் போட்டார். பசை ஒரு சொட்டும் கிடையாது. “நெழல்ல காய வைய்யி. வெயில்ல வச்சா வெறகாப் போகும்.”

மறுநாள் காலையில் பிடி மரத்தோடு மரமாக இறுகியிருந்தது. சாரலில் நனைந்த கையோடு பிடித்துப் பார்த்தேன். தோல் ஈரத்தைக் குடித்துக்கொண்டது, கையை நகரவிடவில்லை, இழுத்துவிட்டதும் ஒட்டாமல் விடவும் செய்தது. ஒரே குறை, மாதக்கணக்கில் வியர்வையும் அழுக்கும் ஏறினால் சதைப்பக்கமும் மினுமினுத்து வழுக்க ஆரம்பிக்கும். பழைய பல்தேய்க்கும் பிரஷால் அவ்வப்போது காய்ந்த தோலைத் தேய்த்துப் பொசுபொசுப்பை எழுப்பிவிட்டால் சரியாகிவிடும். அப்படியும் ஆகாத நிலை வரும்போது பழைய தோலைக் கிழித்துவிட்டுப் புதுத் தோல் தைக்க வேண்டியதுதான்.

விழுந்துவிடும் என்ற பயத்துக்கும் ஒரு முடிவு கட்டினோம். பள்ளிக்கூட பூட்ஸ் கயிற்றின் இரண்டு முனையிலும் சுருக்குப் போட்டு, ஒன்றைப் பெருவிரலிலும் இன்னொன்றை ஆள்காட்டி விரலிலும் மாட்டிக்கொள்வது. நடுக்கயிறு வில்லுக்கு முன்னால் ஓடும். வில் துள்ளினால் கயிற்றில் தொங்கும், கீழே விழாது. ஒலிம்பிக் வீரர்கள் இதே மாதிரி விரல் கயிறு கட்டுகிறார்கள் என்று பிறகு தொலைக்காட்சியில் பார்த்தோம். எந்த வில்லானாலும், எந்தப் பிடியானாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். பத்து ரூபாய்க் கயிறு கையின் பயத்தை முக்கால்வாசி எடுத்துவிடும்.

பின்னாளில் வேலைக்காக வெளியூர் போய் ஜப்பானிய வில்வித்தையான கியூடோவைப் பற்றிப் படித்தபோது என் கண் ஒரு வரியில் நின்றுவிட்டது. அவர்கள் வில்லின் பிடியில் மான்தோல் நாடாவைச் சுருளாகச் சுற்றுகிறார்கள். வியர்வைக்காக இடது உள்ளங்கையில் ‘ஃபுதெகோ’ என்று ஒரு சாம்பல் நிறப் பொடியைப் பூசிக்கொள்கிறார்கள். அது நெல் உமியை எரித்த சாம்பல். வலதுகைக் கையுறைக்குப் பைன் பிசின் பொடி, இடது கைக்கு உமிச் சாம்பல். முல்லைப் பெரியாறு அணை 1895-ல் திறந்த நாளிலிருந்து இரண்டு போகம் நெல் விளைகிற பள்ளத்தாக்கில் பிறந்தவன் நான். உமிக்கரியால் பல் தேய்த்து வளர்ந்த வீடு. அந்த உமியை வில்லுக்குத் தொடுவதென்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

ஊருக்கு வந்ததும் சின்னமனூரில் ஓர் அரிசி ஆலையில் உலைச் சாம்பல் கேட்டு வாங்கினேன். கறுப்பாக இருந்ததை விட்டுவிட்டு, நன்றாக வெந்து வெளுத்ததை மட்டும் பழைய வேட்டியில் சலித்தேன். விரலில் தேய்த்தால் மாவாக இருந்தது. கையில் லேசாகப் பூசி வில்லைப் பிடித்தேன். ஈரம் உடனே போய்விட்டது. ஆனால் பிடிப்புக் கூடவில்லை. கை மரத்தில் மெத்தென்று ஊர்ந்தது. அதற்குக் காரணம் உண்டு. கியூடோவில் அம்பு போனதும் வில் கைக்குள்ளேயே சுழன்று நாண் மணிக்கட்டின் மறுபக்கம் வந்து நிற்க வேண்டும். அந்தச் சுழற்சிக்கு வழிவிடத்தான் பொடி. நம் மூங்கில் வில்லில் அந்தச் சுழற்சி கிடையாது. அதனால் சாம்பலை மட்டும் நம்பினால் வார்னிஷ் பிடி இன்னும் மோசமாக வழுக்கும். கரித்தடம் பார்த்துச் செதுக்கிய பிடியில், கவட்டைப் பள்ளத்தில் கை உட்கார்ந்துவிட்ட பிறகு, ஈரம் வாங்குவதற்கு மட்டும் ஒரு சிட்டிகை பூசினால் அருமையாக இருக்கிறது. சித்திரை வெயிலில் இப்போது ஒரு சுருக்குப்பையில் அது என்னிடம் இருக்கும்.

ஆசாரித் தாத்தா இல்லை. அவர் பட்டறையில் மகன் இருக்கிறார். கணை கடைவது குறைந்து, கதவு ஜன்னல் வேலைதான் அதிகம். மம்பட்டிக் கணை வெளியூரிலிருந்து லாரியில் வந்து இறங்குகிறது, பளபளவென்று பூச்சோடு. வாங்கிப்போகிற விவசாயி வீட்டுக்குப் போய் அதைச் சுரண்டிவிட்டுத்தான் கையில் எடுக்கிறார். வில்லும் அப்படித்தான் இன்னும் வருகிறது. வாங்கிவருகிற பிள்ளைகள் டென்னிஸ் மட்டைக்குச் சுற்றும் நாடாவை மூன்று சுற்று சுற்றி, பிடியை ஒரு உலக்கையாக்கிக்கொண்டு மைதானத்துக்கு வருகிறார்கள். நாடாவைக் கழற்றச் சொல்லி, கரியை எடுத்து உள்ளங்கையில் பூசிவிட்டு, பிடித்து இழுக்கச் சொல்கிறேன். தடத்தைப் பார்த்ததும் அவர்களுக்கே புரிந்துவிடுகிறது. நான் அதிகம் பேச வேண்டியதில்லை.

மூங்கில் வில் செய்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மூங்கிலுக்கு எத்தனை கை வேண்டுமானாலும் வார்னிஷ் பூசுங்கள். மழை, கரையான், வெயில் எல்லாவற்றுக்கும் அது தேவை. பிடியை மட்டும் வெறும் மரமாக, கொஞ்சம் தடிப்பாகவே விட்டு அனுப்புங்கள். எந்தக் கைக்கு எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை அந்தக் கை இருக்கிற ஊரில் பார்த்துக்கொள்ளலாம்.